மூன்றாவது வேண்டாம்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளத் தெரியாது. டீ வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். மறுபடி கேட்டால், இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன் என்பார்கள். மூன்றாவது தடவை டம்ளரைக் கையில் திணித்தால், சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, சீனி கொஞ்சம் குறைச்சல் என்றும் சொல்வார்கள். இது பாசாங்கு இல்லை, மரியாதை. முதல் தடவையிலேயே கையை நீட்டினால் காணாததைக் கண்டவன் என்று பெயராகிவிடும். இந்த மரியாதை தென்காசி எல்லைக்குள் கிடந்தால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வீட்டுக்காரர் அதைக் கப்பலில் ஏற்றி பிரான்ஸ் வரைக்கும் கொண்டுபோனார். அங்கேதான் வந்தது வினை.

அவர் பெயர் கிதிர் முகம்மது. மின்சார இலாகாவில் இன்ஜினியர். எங்களுக்கு நிக்காஹ் ஆன வருஷமே, மலைமேல் கட்டிக்கொண்டிருந்த ஒரு மின்நிலையத்துக்கு வேண்டிய டர்பைன்களைச் சரிபார்த்து வாங்குவதற்காக சர்க்கார் அவரை பிரான்ஸுக்கு அனுப்பியது. அது ஐம்பத்தெட்டாம் வருஷக் கடைசி. ஊர் பெயர் கிரெனோபிள். அவருக்கு வாப்பா இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவருடைய அம்மா ஜாஹிரா பீவி, அதாவது என் மாமி, நான், இரண்டு ஆடுகள். ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த வீட்டில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அங்கே அவர் பாடு எப்படி இருந்தது என்பதைக் கடிதத்தில் பாதி, திரும்பி வந்தபின் வாயால் பாதி என்று தெரிந்துகொண்டேன். விடியுமுன் எழுந்திருக்க வேண்டும். ஒரு வயசான அம்மாள் வீட்டில் மாடி அறை. அந்த அம்மாள் காப்பியைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுப்பாராம். அதில் ரொட்டியை முக்கித் தின்றுவிட்டு, கையுறை மாட்டி, பனியில் சைக்கிள் மிதித்து ஃபாக்டரிக்குப் போவார். போனவுடன் வேலை கிடையாது. முதலில் ஒவ்வொருத்தருக்கும் கை கொடுக்க வேண்டும். மேனேஜர் முதல் இரும்புத்தூள் கூட்டுகிறவர் வரை அத்தனை பேருக்கும். ஆனால் ஒருவருக்கு ஒரு நாளில் ஒரு தடவைதான். மத்தியானம் மறந்துபோய் மறுபடி நீட்டினால், காலையில் கொடுத்தது ஞாபகமே இல்லையா என்று முகம் சுருங்கிவிடுமாம். ஒரு தடவை செய்தது செய்ததுதான், ஒரு தடவை சொன்னது சொன்னதுதான். அங்கேயே அவருக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

பகல் முழுக்க டர்பைன் சக்கரத்தின் இறகுகளை அளந்து பார்ப்பது வேலை. மத்தியானம் எல்லோரும் ஒயினும் கறியுமாகச் சாப்பிட, இவர் முட்டையும் உருளைக்கிழங்கும் தின்பார். ஹலால் இல்லாத கறியைத் தொடமாட்டார். அல்ஜீரியாவில் சண்டை நடந்த காலம் அது. இவர் நிறத்தைப் பார்த்து அல்ஜீரியாக்காரர் என்று நினைத்து, போலீஸ் தெருவில் நிறுத்தி பாஸ்போர்ட் கேட்குமாம். நிஜமான அல்ஜீரியாக்காரர் ஒருவர் ஃபாக்டரியில் இருந்தார். அவர் ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய், கோதுமை ரவையை ஆவியில் வேகவைத்து மேலே குழம்புபோல ஆட்டுக்கறி ஆணம் ஊற்றிப் போடுவாராம். வாரத்தில் அன்றைக்கு ஒருநாள்தான் வயிறு நிறைந்தது என்றார். எனக்கு அழுகை வந்தது.

மாமிக்கு அழுகை வந்தது வேறு விஷயத்துக்கு. அந்த வீட்டில் குளிக்கிற அறையே கிடையாது. அந்தத் தெருவிலேயே முக்கால்வாசி வீடுகளில் கிடையாதாம். சனிக்கிழமை துண்டும் சோப்பும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் பொதுவான குளியல் கட்டடத்துக்குப் போய், டிக்கெட் வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, முறை வந்ததும் உள்ளே போக வேண்டும். கொஞ்ச நேரத்தில் வெளியே டிக்கெட் கொடுக்கிறவள் வந்து கதவைத் தட்டுவாள். தலையில் சோப்பு நுரை இருந்தாலும் தட்டத்தான் செய்வாள். சீசனில் காலையும் மாலையும் குற்றால அருவியில் நின்ற மனுஷருக்கு இந்தக் கதி. கடிதத்தில் இதை வாசித்துக் காட்டியதும் மாமி தலையில் கை வைத்துக்கொண்டார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

"எம் பிள்ளை வாரத்துக்கு ஒருக்கத்தான் குளிக்கானாம்" என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கண் கலங்கும். பட்டினி கிடக்கிறான் என்பதைக்கூட அவர் இப்படிச் சொல்லவில்லை.

ஐம்பத்தொன்பது கடைசியில் அவர் திரும்பினார். வந்ததும் மலைமேல் வேலைக்குப் போட்டார்கள். தகரக் கொட்டகை, குடும்பத்துக்கு இடம் கிடையாது. மாதத்துக்கு ஒருமுறை இரண்டு நாள் வருவார். முதல் நாள் தூங்குவார், இரண்டாம் நாள் பெட்டி கட்டுவார். நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. புருஷனோடு ஒரே வீட்டில் குடித்தனம் செய்ய வேண்டும். காலையில் அவருக்கு ஆப்பம் சுட்டுக் கொடுத்து, சாயங்காலம் ஏன் நேரமாகிவிட்டது என்று சண்டை போட வேண்டும். இது கூடக் கிடைக்காமல் கல்யாணம் எதற்கு?

இப்படி வந்த ஒரு நாளில், நிலக்கடலை உரித்துக்கொண்டே அவர் சாவகாசமாக ஒன்றைச் சொன்னார். ஊர் திரும்புமுன் ஃபாக்டரியில் அவருடைய மேலதிகாரி மொஸ்யூ வாலியே, நம் பாஷையில் வாலியே ஐயா, அறைக்குக் கூப்பிட்டாராம். உங்கள் நாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ள இன்னும் இரண்டு வருஷம் இங்கேயே இருங்கள், வீடு தருகிறோம், குடும்பத்தைக் கூட்டி வாருங்கள், உங்கள் சர்க்காருக்கு நாங்களே எழுதுகிறோம் என்றாராம்.

காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் அரிவாள்மணையை அப்படியே விட்டுவிட்டு, என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்களுக்கு எதுக்குச் சிரமம், வேண்டாம்னேன்."

"வேண்டாம்னா சொன்னீங்க?"

"முதல் தடவை கேக்கும்போது அப்படித்தானே சொல்லணும்? அவரு எந்திரிச்சு, சரி, புரியுதுன்னு கை குடுத்துட்டாரு. அதுக்கப்புறம் கேக்கவே இல்லை."

மறுபடி கேட்பார் என்று ஒரு வாரம் அந்த அறை வாசல் வழியாகவே நடந்தாராம். நிஜமாகவே வேண்டும் என்று இருந்தால் இன்னொரு தடவை கேட்டிருக்கமாட்டாரா என்று என்னிடமே நியாயம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கு ஆசை இருந்ததா இல்லையா என்று கேட்டேன். ஆசை இல்லாமலா வாசல் வழியாக நடந்தேன் என்றார். அந்தக் கடலை முழுவதையும் ஆட்டுக்குப் போட்டேன். பிறகு அவர் வந்த மூன்று நான்கு தடவையும் சோறு போட்டேனே தவிர, முகம் கொடுத்துப் பேசவில்லை.

அறுபதாம் வருஷம் ஆடி மாதம் ஒரு தந்தி வந்தது. மொஸ்யூ வாலியே டர்பைன் பூட்டுவதைப் பார்க்க மலைக்கு வந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்கு வருகிறார் என்று. விடுப்பில் வந்திருந்த என் கணவர் அதை வாசித்துவிட்டுத் திகைத்து நின்றார். புறப்படும்போது எல்லோரிடமும், எங்கள் ஊருக்கு வாருங்கள் என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தாராம். அந்த மனுஷர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டார். எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் அவரை மேலகரம் வழியாகக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். நல்ல சாரல். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துவிட்டு, மெயின் அருவியில் கூட்டத்துக்கு நடுவே நிறுத்தினார்களாம். சிவப்பான முதுகோடு சுவரில் கை ஊன்றி நின்ற வெள்ளைக்காரரை நகர்த்த முடியவில்லை. இங்கே எவ்வளவு நேரம் நிற்க அனுமதி என்று கேட்டாராம். பசி எடுக்கிற வரைக்கும் என்று இவர் சொன்னாராம். மத்தியானம் இரண்டு பேரும் நல்ல பசியோடு வீட்டுக்கு வந்தார்கள்.

நான் உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்றேன். அந்நிய ஆண்கள் வந்தால் எங்கள் வீடுகளில் அதுதான் வழக்கம். மாமி வயசானவர் என்பதால் அவரே பரிமாறினார். நெய்ச்சோறு, கறி ஆணம், தாளிச்சா. வெள்ளைக்காரர் ஒரு தட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போதும் என்று கை காட்டினார். மாமி இரண்டு அகப்பை போட்டார். அவர் அதையும் தின்றுவிட்டுத் தட்டின் மேல் கையை விரித்தார். மாமி விரல் இடுக்கு வழியாக ஆணத்தை ஊற்றினார். மனுஷர் முகம் அருவியில் நின்றபோது இருந்ததைவிடச் சிவந்துவிட்டது.

அவர் என் கணவரிடம் ஏதோ கேட்டார். இவரும் ஏதோ விளக்கினார். பிறகு அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக இன்னொன்று கேட்டார். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். என்ன கேட்கிறார் என்று மாமி அதட்டினார்.

"வேண்டாம்னு சொல்லியும் ஏன் போடுதாங்கன்னு கேட்டாரு. மூணாவது தடவை சொல்லுததைத்தான் நாங்க நம்புவோம்னேன். அப்போ அன்னைக்கு என் ரூம்ல நீ சொன்னது எத்தனாவது வேண்டாம்னு கேக்காரும்மா."

மாமிக்கு அந்த விஷயமே அப்போதுதான் தெரியும். இவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். இதற்குள் வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த வேலையில் வேறு ஒருவரை வைத்துப் பார்த்ததாகவும், அவர் குளிர் தாங்காமல் ஓடிவிட்டதாகவும் சொன்னாராம். சொல்லிவிட்டு இரண்டாவது தடவை கேட்டார். என் கணவர் மாமியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். அம்மா தனியாக இருக்கிறார், வேண்டாம் என்றார். அவர்கள் பாஷையில் நோன் என்றால் வேண்டாம் என்று எனக்கு அதற்குள் தெரிந்திருந்தது.

வெள்ளைக்காரர் மூன்று விரலை உயர்த்தினார். நம் வழக்கத்தை நன்றாகப் படித்துக்கொண்டார். மூன்றாவது தடவையும் கேட்டார்.

இவர் கழுத்து அசைவதைத் திரை ஓட்டையில் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்லப் போகிற அசைவு அது, எனக்குத் தெரியாதா? பெற்ற தாய் எதிரே உட்கார்ந்திருக்கும்போது இவர் வாயில் வேறு சொல் வராது. இந்த வேண்டாமைச் சொல்லிவிட்டால் பிறகு நாலாவது என்று ஒன்று கிடையாது. சாப்பாட்டுக்குப் பின் கொடுக்க வைத்திருந்த இனிப்பு, வட்டிலாப்பத் தட்டு, கையில் இருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன்.

"மச்சான், சொல்லிராதீங்க. எனக்கு வேணும்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அந்நிய ஆணுக்கு முன்னால் மருமகள் வந்து நின்று, அதுவும் ஒரே தடவையில், வேண்டும் என்று கேட்பதை அந்த வீடு அதுவரை பார்த்ததில்லை. வெள்ளைக்காரருக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவர் எழுந்து நின்றார். என் கணவர் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஏலே கிதிரு, அவளைக் கூட்டிட்டுப் போ" என்றார்.

"நெசமாவாம்மா சொல்லுதீங்க?"

"ஒரு தடவை சொன்னா உனக்குப் பத்தாதாலே?"

சொல்லிவிட்டுத் தாளிச்சாச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். முன்கட்டில் என் கணவர் வாலியேயிடம் பேசுகிற சத்தம் கேட்டது. இந்தத் தடவை நோன் என்ற சொல் வரவே இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் சிரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் அடுப்பங்கரையில் ஒரு சத்தமும் இல்லை. பிள்ளை, மருமகள் இரண்டு பேரும் போய்விட்டால் அந்த வீட்டில் மாமியும் இரண்டு ஆடுகளும்தான். அந்த நினைப்பில் என் சிரிப்பு போய்விட்டது. உள்ளே போனேன்.

மாமி காலிச் சட்டியைச் சுரண்டிக்கொண்டு இருந்தார். அதில் சுரண்ட ஒன்றும் இல்லை.

"மாமி, நீங்களும் எங்ககூட வாங்க" என்றேன்.

வேண்டாம் என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து, வாருங்கள் மாமி என்று மறுபடி கேட்டேன். இந்த வயசில் எனக்கு எதற்கு அதெல்லாம், வேண்டாம் என்றார். குரல் சரியில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

நான் அவர் கையில் இருந்த அகப்பையை வாங்கிக் கீழே வைத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது தடவையும் கேட்டேன்.

மாமி முக்காட்டு நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏட்டி ரஹ்மத்து, அங்கன நெதமும் குளிக்க முடியாதாமே?" என்று கேட்டார்.