பன்னிரண்டு கிலோ வண்ண அரிசி

மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கில் எங்கள் தொழிற்சாலை வாசலில் ஒன்பது வருஷமாகத் தீபாவளி அரிசிக்கோலம் போட்டவள் நான், நவமணி. இந்த வருஷம் மேனேஜர் அதை ஆபீசுக்குப் புதிதாக வந்த பிரேமளாவிடம் கொடுத்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

அவள் முதலில் ஓர் அட்டையில் இரண்டடி அகலத்துக்கு எட்டு இதழ்த் தாமரை போட்டுப் பார்த்தாள். ஒரு கிலோ அரிசி பிடித்தது. வாசலில் போடப்போவது எட்டடி, அதாவது நாலு மடங்கு. ஆகவே நாலு கிலோ என்று தாளில் எழுதி, சரிபார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினாள். பார்த்ததுமே தப்பு தெரிந்தது. கோலம் நீளத்தில் நாலு மடங்கானால் அகலத்திலும் நாலு மடங்காகும். பதினாறு கிலோ வேண்டும்.

“நீ படிச்சவ. சரியாத்தான் இருக்கும் லா,” என்றேன்.

அந்த வாரமே மீதிப் பன்னிரண்டு கிலோவுக்கு நானே சாயம் கலந்து காயவைத்து, கிலோ கிலோவாகப் பையில் கட்டிக் காரின் பின்பக்கம் வைத்துக்கொண்டேன். அரிசி தீரும், அவள் கையைப் பிசைவாள், மேனேஜர் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

கோலத்தன்று அவள் கோணமானியை வைத்து நாற்பத்தைந்து பாகைக்கு ஒரு கோடாக எட்டுக் கோடுகள் இழுத்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை, அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு இதழ் முடிந்ததும் அரிசி தீர்ந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அவள் யாரையும் கூப்பிடவில்லை. தாளை எடுத்துப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு நிறம் கலக்காமல் அரிசியை அட்டையால் அள்ளினாள். நாலு கிலோவுக்கு அகலம் இரண்டு மடங்குதான் வரும், நாலடி போதும், கோணம் மாறாது என்று சொல்லிக்கொண்டே இதழ்களைச் சின்னதாக வரைந்தாள். மத்தியானத்துக்குள் தாமரை முடிந்துவிட்டது. மேனேஜர் படம் எடுத்துக்கொண்டார். என்னை யாரும் தேடவில்லை.

மாலையில், வருஷா வருஷம் கோலத்துக்கு நான் கொண்டுவரும் குத்துவிளக்கைத் துடைத்து அவளே என் காருக்குத் தூக்கி வந்தாள். நான் கார் சாவியை அழுத்தியதுதான் தாமதம், பின்கதவைத் திறந்துவிட்டாள்.

பைகளை விரலால் தொட்டு எண்ணினாள்.

“நாலும் பன்னெண்டும் பதினாறு,” என்றாள். “அன்னைக்கே தெரியும், இல்லக்கா?”

அவள் விளக்கை உள்ளே வைத்து, சாயாமலிருக்க இரண்டு பைகளை அணைகொடுத்துவிட்டுப் போனாள்.