அசையாம இரு

கேமராவின் முதுகைத் திறந்து, பிலிமின் நுனியை எதிர்ப்பக்க உருளையின் பிளவில் செருகினார் பஸ் டிரைவர். மூடப்போகும் நேரத்தில் அது மறுபடியும் நழுவி வெளியே வந்தது.

"பஸ்ஸையே சந்துல திருப்புற கை, இத்துனூண்டு பிலிமுக்கு இந்த ஆட்டம் ஆடுது!" என்றாள் கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி.

"நீ பேசாம படு. மூச்சு வாங்குதுல்ல?"

"இன்னிக்கி இல்லன்னா நாளைக்கின்னு டாக்டரே சொல்லிட்டாரு. இனிமே மூச்சை மிச்சம் பிடிச்சு என்ன பண்ணப் போறேன்?"

ஸ்டூடியோ வைத்து ஊரார் கல்யாணத்தையெல்லாம் படம் பிடித்தவள் அவள். தன் கல்யாணப் படத்தில் மட்டும் குனிந்த தலை. அதன்பிறகு எப்போதும் கேமராவுக்குப் பின்னால்தான். அவள் முகத்தை ஒரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்று காலையிலிருந்து அவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். வீட்டில் இருந்ததோ அந்த ஒரே சுருள்.

இந்தத் தடவை நுனி பிடித்துக்கொண்டது. மூடிவிட்டு, பிலிமை நகர்த்தும் நெம்புகோலை இழுத்தார். இடப்பக்கக் குமிழும் கூடவே சுற்றியது.

"சுத்துதா? அப்ப பிலிம் ஓடுது. இப்ப கண்ணை வெச்சுப் பாருங்க. நான் ரெண்டா தெரிவேன். வளையத்தைத் திருகி ஒண்ணாக்குங்க."

"ஒருத்தியவே என்னால சமாளிக்க முடியல."

அவள் தலையைச் சாய்த்தாள், முகவாயில் கை வைத்தாள், புதுப்பெண் மாதிரி வெட்கப்பட்டாள். அந்த உடம்பில் இவ்வளவு குறும்பு எங்கே இருந்ததோ! அவரும் எடுத்துத் தள்ளினார்.

"கடைசி ஒண்ணு. அசையாம இரு."

அவ்வளவுதான், அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஐயோ சாமி! லென்ஸ் மூடியக் கழட்டவே இல்லியே நீங்க!"

அந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டை வேறு, படம் விழுகிற லென்ஸ் வேறு. மூடி போட்டிருந்தும் பாவம் அவருக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்திருக்கிறது.

"அடிப்பாவி! உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் படத்துலயே. நீங்க எடுக்கற அழகைப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

மூடியைப் பிடுங்கி எறிந்தார். அவள் விரலை நீட்டி அவரைக் காட்டி விழுந்து விழுந்து சிரிக்க, அப்படியே அழுத்தினார்.

சாயங்காலம் அவள் போய்விட்டாள். தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார்.

மறுநாள், கழுவி வந்த படத்தைக் கூடத்தில் வைத்தார்கள். டிரைவரின் அக்கா முகத்தைச் சுளித்தாள்.

"சாவு வீட்டுல வைக்கிற படமாடா இது? வேற நல்லதா எதுவும் இல்லியா?"

"இல்லக்கா. மிச்சமெல்லாம் கறுப்பு," என்றார். சொல்லும்போதே அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அவரோடு வேலை பார்க்கும் கண்டக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். நிமிர்ந்து படத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே அவள் நீட்டிய விரல் நேராகத் தன்னையே காட்டக் கண்டு, சட்டென்று குனிந்து சட்டைப் பொத்தான்களைச் சரிபார்த்துக்கொண்டார்.