ஞாயிற்றுக்கிழமை மைதானம்

தன்வீர் பட்டுக்குச் சத்தம் நன்றாகவே கேட்டது. பந்து மட்டையின் விளிம்பை உரசிய சத்தம் முதலில், அது விக்கெட் கீப்பரின் கையுறைக்குள் போய் விழுந்த சத்தம் அடுத்து. பந்து போட்ட நவீத் கைகளை விரித்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினான். அவனுடைய அணி மொத்தமும் சேர்ந்து கத்தியது.

அன்று தன்வீர்தான் அம்பயர். கிரிம்ஷா மாதிரி இங்கிலாந்தின் லங்காஷயர் மலைக்கிராம கிளப்புகளில் நட்பு ஆட்டத்துக்கெல்லாம் வெளியிலிருந்து அம்பயரைக் கூட்டிவர மாட்டார்கள். மட்டை பிடிக்கிற அணியிலிருந்தே ரெண்டு பேர் வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அவுட் என்றால் சொந்த ஆளுக்கே விரலைத் தூக்க வேண்டும். தூக்காதவனை இங்கே யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த இடத்தில் வேறு எவன் நின்றிருந்தாலும் விரல் தானாக மேலே போயிருக்கும்.

ஆனால் மட்டையோடு நின்றது கேப்டன் க்ளைவ். பந்து போட்டது கீழே டவுனிலிருந்து வந்த பாகிஸ்தானிப் பையன். தன்வீரும் அதே டவுனில், அதே வரிசை வீடுகளில் பிறந்து வளர்ந்தவர். விரலைத் தூக்கினால் பெவிலியன் படியில் என்ன பேசுவார்கள்? 'பாத்தியா, அவன் ஆளுன்னதும் தூக்கிட்டான்.' கண் இமைக்கும் நேரத்தில் இவ்வளவும் மனதில் ஓடியது. இத்தனை வருஷமாக இந்தக் கிராமத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து, தன்வீர் என்ற பெயர் வாயில் நுழையாது என்று அவர்கள் வைத்த 'டெரி'க்குத் தலையாட்டிச் சம்பாதித்த இடம் போய்விடுமே.

"நாட் அவுட்" என்றார்.

"சாச்சா! உங்களுக்குக் கேக்கலியா? மலைக்கே கேட்டுச்சே!"

சித்தப்பா என்று உறவு கொண்டாடிய அந்தச் 'சாச்சா'தான் அவரைச் சுட்டது. க்ளைவின் காதில் விழுந்திருக்குமே என்று பதறினார்.

"நான் ஒண்ணும் உன் சாச்சா இல்ல. அம்பயர். போய்ப் பந்தைப் போடு."

நவீத் தொப்பியைத் தரையில் அடித்தான். கூட ஆடுகிறவர்கள் தோளைப் பிடித்து இழுத்துப் போனார்கள். பெவிலியனில் யாரோ 'ஊ' என்று கத்தினார்கள். அவ்வளவுதான் நடந்தது. கிரிம்ஷாவுக்கு அது போதும்.

ஏனென்றால் அது வெறும் நட்பு ஆட்டம் இல்லை. நவீத்தின் அணி ஆடுவது நகராட்சிப் பூங்காவில், சிமெண்டுத் தளத்தின் மேல் கிழிந்த பாயை விரித்து. ஃபீல்டிங் செய்கிறவன் முதலில் நாய் அசிங்கம் செய்த இடம் பார்த்துத்தான் கால் வைப்பான். ஒழுங்கான மைதானம் இருந்தால்தான் லீக்கில் சேர்ப்பார்கள். கிரிம்ஷா மைதானம் ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடக்கிறது. வாடகைக்குக் கேட்டார்கள். 'முதல்ல ஒரு ஆட்டம் ஆடிப் பாப்போம், எப்படிப்பட்ட பசங்கன்னு தெரியணும்ல' என்றது கமிட்டி. இந்த வருஷம் விட்டால் அணி கலைந்துவிடும். பையன்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மட்டையை மூலையில் போட்டுவிட்டு டாக்ஸி ஓட்டப் போய்விட்டார்கள்.

அந்தக் கமிட்டியில் தன்வீரும் ஒருவர். கிளப்புக்கு மானியம் கேட்டபோது பழுப்பு முகம் ஒன்று தேவைப்பட்டது. சேர்த்துக்கொண்டார்கள். போஸ்டரில் முன்வரிசையில் நிற்பார்.

ஆட்டம் முடிந்து தேநீர். பையன்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சமோசாவைக் கிரிம்ஷாக்காரர்கள் ஒரு துணுக்கு விடாமல் காலி செய்தார்கள்.

"சமையல் அவங்ககிட்ட, ஆட்டம் நம்மகிட்ட!" என்றார் க்ளைவ், வாய் நிறைய.

எல்லோரும் சிரித்தார்கள். தன்வீரும் சிரித்துவிட்டு, கையிலிருந்த சமோசாவை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்.

கமிட்டி கூடப்போகும் நேரத்தில் நவீத் வாசலில் அவரை மறித்தான். முகத்தைக் கழுவித் தலை வாரியிருந்தான்.

"மன்னிச்சுக்கங்க சாச்சா. உங்ககிட்ட அப்படிக் குரலை ஒசத்தியிருக்கக் கூடாது. எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருவாங்க."

"பரவால்லப்பா."

"என் கோவத்தால பசங்களுக்கு மைதானம் போயிரக் கூடாது. நான் மன்னிப்புக் கேட்டேன்னு உள்ள சொல்லுங்க. நீங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் பசங்க வந்தாங்க."

தன்வீருக்கு உடம்பு கூசியது. தப்பு செய்தவன் நிமிர்ந்து நிற்க, சரியாகப் பந்து போட்டவன் தலை குனிகிறான். அப்போதே சொல்லியிருக்கலாம். "சொல்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

உள்ளே தலைவர் நார்மன் பீர் கோப்பையை வைத்துவிட்டுத் தொண்டையைக் கனைத்தார். க்ளைவ் முந்திக்கொண்டார்.

"ஆட்டம் தெரிஞ்ச பசங்கதான், இல்லங்கல. ஆனா வாய் ஜாஸ்தி. அம்பயரையே முறைக்கிறான்யா! நாம வேண்டாம்னா நிறம் பாக்கறோம்னு எவனும் சொல்லவும் முடியாது. நாட் அவுட் குடுத்ததே நம்ம டெரி."

'நம்ம டெரி'. இத்தனை வருஷம் எந்த வார்த்தைக்காக ஏங்கினாரோ, அது இன்றைக்குச் செருப்படியாக விழுந்தது.

"க்ளைவ், அது அவுட். எனக்குக் கேட்டுச்சு" என்றார். "அந்தப் பையன் மன்னிப்பும் கேட்டுட்டான். கேக்க வேண்டியது நான்."

க்ளைவ் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அவுட்டா? பாதி மட்டைல பட்டுச்சுய்யா! நான் நடையைக் கட்டத்தான் பாத்தேன், நீ இல்லேன்னுட்ட. தானா வர்றதை வேணாம்னு சொல்ல நான் என்ன சாமியாரா?"

சிரித்துச் சிரித்து நார்மனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "நம்மாளுன்னா நம்மாளுதான்! டெரிக்கு ஒரு ஆரஞ்சு ஜூஸ் ஊத்துங்கப்பா!"

"சிரிக்கிற விஷயம் இல்ல நார்மன்..."

"சரிதான், சரிதான். ஆனா தப்பாவே குடுத்தாலும் அம்பயர் அம்பயர்தானே டெரி? அதை மதிக்கத் தெரியணும்ல?" நார்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புல்லுக்கு ஞாயித்துக்கிழமை ஓய்வு வேணும்னு சொல்லிருவோம். அவங்க மனசும் நோகாது. எல்லாருக்கும் சம்மதந்தானே?"

யாரும் மறுக்கவில்லை. இன்னொரு தடவை வாயைத் திறக்கலாம். எழுந்து வெளியே நடக்கலாம். தன்வீர் அதையெல்லாம் நினைத்துக்கொண்டே ஜூஸைக் குடித்து முடித்தார். தன்னைப் போல ஒரு கோழையை அவர் பார்த்ததில்லை.

கார் நிறுத்தும் இடத்தில் பையன்கள் கிளம்பாமல் காத்திருந்தார்கள். நவீத் ஓடி வந்தான்.

"சிரிப்புச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சு சாச்சா. நல்ல சேதிதானே?"

தன்வீர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "அது அவுட்டுதான் நவீத். எனக்குக் கேட்டுச்சு. தெரிஞ்சேதான் குடுக்கல."

அவன் நாலு வார்த்தை திட்டுவான் என்று காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் போலிருந்தது.

"அது தெரியும் சாச்சா, விடுங்க" என்றான் நவீத். "மைதானம் என்னாச்சு?"

பின்னால் பையன்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள்.

"புல்லுக்கு ஞாயித்துக்கிழமை ஓய்வு வேணுமாம்" என்றார் தன்வீர்.