கை பொறுக்கும் சூடு

மூன்றாவது கடிதம் தை மாதக் கடைசியில் வந்தது. எங்கள் லாட்ஜில் தங்கிப் போன மனிதர் ஊரில் காய்ச்சலில் கிடந்து, நெஞ்சில் சளி கட்டி இறந்துவிட்டாராம். அறையில் மறந்துவைத்த மூக்குக்கண்ணாடியை அனுப்பச் சொல்லி மகன் எழுதியிருந்தார். முன்பு இப்படிப் போன இரண்டு பேரையும் போல அவரும் பதினேழாம் நம்பர்தான்.

இரண்டாவது கடிதத்தோடே மேனேஜர் நீலகண்டன் சாமி அந்த அறையைப் பூட்டி, கதவில் விபூதியும் பூசிவிட்டார். "என்னமோ இருக்குடா தாணு அந்த ரூம்ல," என்றார். எட்டு நாளாகப் பூட்டிக் கிடந்தது. தம்பானூரில் கொசு போதாதென்று பேய் வேறா என்று நான் மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூன்றாம் நம்பரில் தங்கியிருந்த டாக்டர் ராமசுப்ரமணியன் கடிதத்தைப் படித்துவிட்டுப் பேயைப் பற்றிக் கேட்கவில்லை. "வெந்நீர் எவ்வளவு சூடு வைக்கறே?" என்று கேட்டார்.

"கை பொறுக்குற சூடுதான் சார்."

மொட்டைமாடியில் பாய்லருக்கு விறகு போடுகிறவன் நான். ஐப்பசியில் நான் கொதிக்கவிட்ட தண்ணீர் ஒரு சின்னப் பெண்ணின் முதுகை வேகவைத்துவிட்டது. அந்த அலறலுக்குப் பிறகு தீயைக் கூட்ட எனக்குக் கை வரவில்லை. அடுத்து வந்தவர்களோ மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் பச்சைத் தண்ணீரில்தான் குளித்தார்கள். தொட்டி நிறைய வெதுவெதுப்பாகத் தண்ணீர் அப்படியே கிடந்தது. யாராவது கேட்டால் என்ன செய்வதென்று தணலை மட்டும் அணையாமல் காத்தேன். பொறுப்பானவன் என்று பெயர் வேறு.

"அந்தச் சூட்டுலதான் கிருமி பெருகும்," என்றார் டாக்டர். "பைப் முடியற ரூம்ல ஜாஸ்தி. ஷவர்ல சாரலா வரச்சே மூச்சோட நெஞ்சுக்குள்ள போயிடும். தொட்டி நன்னா கொதிக்கணும். பாத்ரூமுக்கு வர்ற எடத்துல பச்சைத் தண்ணியக் கலந்து விடணும். ரெண்டும் வேணும்."

காய்ச்சல் காண இரண்டு நாளும் ஆகலாம், பத்து நாளும் ஆகலாம் என்றார். அந்தப் பேயைத் தீ மூட்டி வளர்த்தவன் நான்தான்.

பிளம்பர் தாசையனுக்கு ஆள் அனுப்பினேன். மற்ற அறைகளுக்குப் போகும் வெந்நீரை அடைத்துவிட்டு, தொட்டி குமுறட்டுமென்று விறகைத் திணித்தேன். குழாய் முடிகிற பதினேழில் திறந்துவிட்டுக் கழுவலாமென்று சாவியோடு இறங்கினேன்.

கதவில் பூட்டு இல்லை. உள்ளே உலகம்மாள் ஈரத்தலையோடு நின்றாள். என் பெண்டாட்டி, லாட்ஜில் அறை கூட்டுகிறவள்; மாற்றுச் சாவி அவளிடம் உண்டு. அவள் பின்னால் ஷவர் சொட்டிக்கொண்டிருந்தது.

"பூட்டுன முறிதானே, ஆரு கேக்கப் போறா?" என்றாள். "கெணத்துத் தண்ணி வெறைக்கி. இது பதமா இருக்கு. வேலை முடிஞ்சு தெனமும் இங்கதான் குளிக்கேன்."

"எத்தனை நாளா?"

"பூட்டுன அன்னையிலேர்ந்து. நீங்க காய்ச்சுன தண்ணிதானே. ஏன் பேயறஞ்ச மாதிரி நிக்கியோ?"

மாடியில் தொட்டி குமுறுவது சுவருக்குள் கேட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பித் தலையைத் துவட்டினாள். ஈர ரவிக்கைக்குள் அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருமுறை தொண்டையைச் செருமினாள். பிறகு மறுபடியும் துவட்டத் தொடங்கினாள்.