பசிலியா பிரிக்காத பொட்டலம்

ஜனவரி இருபத்துநாலு அன்று பொலிவியா நாட்டு லா பாஸ் நகரத்துச் சந்தையில் கிடைக்காத பொருளே இல்லை. ஆனால் எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்குகிற பொம்மையாக இருக்கும். வீடு, லாரி, பாஸ்போர்ட், டாக்டர் பட்டம், எது வேண்டுமோ அதைத் தானே வாங்கிக்கொள்ளக் கூடாது, இன்னொருவர் வாங்கிக் கொடுக்கவேண்டும். உச்சிப்பொழுதில் பன்னிரண்டு மணி அடிக்கும்போது பூசாரியிடம் புகை காட்டி வாங்கிவிட்டால் வருஷத்துக்குள் அது நிஜமாகிவிடும். குண்டு மீசைக்கார எக்கேக்கோ சாமி வரம் கொடுக்கிற லட்சணம் அது.

அந்தச் சாமி பசிலியாவை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை. புருஷன் செவேரோ கையால் பொம்மை லாரி வாங்கினாள், லாரி வந்தது. பொம்மைக் கடை வாங்கினாள், ஒன்றுக்கு மூன்றாகக் கடை வந்தது. பக்கத்து ஊரான எல் ஆல்ட்டோவில் பச்சையும் ஆரஞ்சுமாகக் கண்ணைப் பறிக்கிற அவளுடைய ஏழு மாடிக் கட்டடமும் முதலில் அட்டைப் பொம்மையாக வந்ததுதான். ஊரே பார்த்து வயிறெரிந்தது. அதில் அவளுக்குத் தனி சுகம்.

இந்த வருஷம் ஹோட்டல் கேட்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அவள் சொல்வதைத்தான் செவேரோ வாங்கி வருகிறான். அவனுக்கு எது வேண்டும் என்பதையும் அவளேதான் சொல்லுவாள்.

மணியடிக்க இரண்டு நிமிஷம் இருந்தது. செவேரோ பொட்டலத்தை நீட்டினான்.

"பிரிச்சுப் பாரு பசிலியா."

"பாக்க நேரமா இருக்கு? ஆடி அசைஞ்சு வர்றதுக்குள்ள மணியே அடிச்சிரும். உன்னக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு!"

பிடுங்கிக்கொண்டு, தொப்பி சரிய, நாலு பேர் காலை மிதித்துப் பூசாரி முன்னால் போய் நின்றாள். கோயில் மணி அடித்தது. பூசாரி புகை காட்டி, சாராயம் தெளித்து, மஞ்சள் பூவை உதிர்த்தார்.

"இதுல இருக்கிறது நடக்கணும்னு மனசாரச் சொல்லும்மா."

"நடக்கணும் சாமி! சீக்கிரமா நடக்கணும்!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

அப்புறம்தான் பிரித்தாள். ஹோட்டல் இல்லை. தீப்பெட்டி அளவில் ஒரு காகிதம், அதில் குட்டி முத்திரை. விவாகரத்துச் சான்றிதழ். பெயர் எழுதுகிற இடத்தில் பசிலியா, செவேரோ என்று அவனுடைய கோழிக்கிறுக்கல்.

பக்கத்தில் ஊதிக்கொண்டிருந்த பேண்டு வாத்தியம்கூட அவள் காதில் விழவில்லை. பிறகு சிரிக்கப் பார்த்தாள். கேலிக்கு இதை வாங்குகிறவர்களும் உண்டுதானே.

"என்னய்யா விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. பிரிச்சுப் பாப்ப, திட்டுவ, அப்படியாவது உக்காந்து பேசலாம்னு நெனச்சேன். நீயே புகை காட்டி வாங்கிட்ட."

"எவ அவ? சொல்லு!"

"எவளும் இல்ல." அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. "ஏழு மாடி கட்டின. அதுல எந்த மாடியில நான் தூங்குறேன், சொல்லு பாப்போம்."

வாயைத் திறந்தாள். அஞ்சா? ஆறா? நிஜமாகவே தெரியவில்லை.

"சாமி, இதத் திருப்பி எடுத்திருங்க!" என்று பூசாரியின் கையைப் பிடித்தாள்.

அவர் யாருடைய பொம்மைக் காருக்கோ சாராயம் தெளித்துக்கொண்டிருந்தார். "அது என்னால ஆகாதும்மா. வேணும்னா அவரு ஆசைப்படுறத வாங்கி அவருக்குக் குடு. புகை இன்னும் அடங்கல, ஓடு."

ஓடினாள். முதல் கடையிலேயே போய் மோதி நின்றாள்.

"வாங்கக்கா! யாருக்கு?" என்றாள் பொம்மைக்காரி.

"என் வீட்டுக்காரருக்கு."

"அவருக்கு என்ன ஆசை? சொல்லுங்க, எடுத்துத் தர்றேன்."

வீடு, கப்பல், கிதார், பசுமாடு, குழந்தை என்று உலகமே குட்டியாக அடுக்கியிருந்தது. பசிலியா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதையும் காட்ட விரல் எழவில்லை.

"சட்டுனு சொல்லுங்கக்கா, பின்னால ஆளு நிக்குது."

"தெரியலியேம்மா" என்றாள் பசிலியா. சொல்லிவிட்டு, அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் வாய்விட்டு அழுதாள்.