நாற்பத்தொரு குடும்பங்கள்

ஒரு வீட்டில் எத்தனை குடும்பம் இருக்கும் என்று கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்? குகநேசன் யோசிக்காமல் ஒன்று என்றுதான் எழுதியிருந்தான். வாயால் சொல்லவில்லை. புரோகிராமுக்குள் எழுதினான்.

டிக்கோயா தேயிலைத் தோட்டமொன்றில் லயம் எனப்படும் வரிசை வீடுகளின் காம்பிராக்களில், அதாவது ஒற்றை அறைகளில், வாழ்ந்த இருநூற்றுப் பன்னிரண்டு குடும்பங்கள் புது வீடு கேட்டுப் படிவம் கொடுத்திருந்தன. அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை அவனுடையது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, ஹட்டனில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துத் தங்கி, புத்தகமும் இன்டர்நெட்டும் பார்த்துத் தானாகவே படித்தவன். வீட்டுக்குப் போன் எடுத்தால் போர் நடக்கும் இந்த 2008இல் பாதி நாள் லைன் கிடைப்பதில்லை. வேலையையாவது சரியாகச் செய்யவேண்டும் என்றிருந்தான்.

புரோகிராமில் இருபத்தாறு கிளாஸ், குடும்பம், வீடு என்று ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் ஒன்று. ஒவ்வொரு கிளாஸும் டேட்டாபேஸில் எந்த டேபிளுக்குப் போகவேண்டும், ஒரு வரியை இன்னொன்றிலிருந்து பிரித்துக்காட்டும் சாவி எது என்று கையால் எழுதிக்கொடுக்க அவனுக்குப் பொறுமையில்லை. தானாகவே பொருத்திக்கொள்ளும்படி ஒரு விதி வைத்தான். கிளாஸின் பெயரே டேபிளின் பெயர். நம்பர் என்று முடிவது எதுவோ அதுவே சாவி. சாவி புதிதென்றால் புது வரி போடு, ஏற்கெனவே இருந்தால் அந்த வரியைத் திருத்து. இருபத்தாறும் ஒரே நொடியில் பொருந்தின. அன்றைக்குச் சந்தோஷத்தில் இரண்டு பிளேன்டீ குடித்தான்.

இப்போது பட்டியலில் இருந்தது நூற்று எழுபத்தொரு குடும்பம்தான். காலையிலிருந்து நாற்காலியில் உட்காரமுடியவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்தான்.

"இருநூற்றுப் பன்னிரண்டும் அடிச்சனீரோ?"

"அடிச்சேன் சார்" என்றாள் தட்டச்சு செய்யும் பஸ்மிலா. "ஒவ்வொண்ணுக்கும் சேவ் ஆச்சுன்னுதானே காட்டுச்சு. நீங்க இப்புடி நடந்தா எனக்குத் தல சுத்துது."

படிவங்களைப் பார்க்கலாம் என்றால் அவை போன வாரமே கொழும்புக்குப் போய்விட்டன. பட்டியலை எடுக்க நாளைக் காலை எட்டரைக்கு வண்டி வரும். அதற்குப் பிறகு ஒரு பெயரும் சேர்க்க முடியாது.

மத்தியானம் மீனம்மா வந்தாள். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். அரைநாள் லீவு போட்டு, பட்டியலில் தன் வீட்டுக்காரர் பெயரைப் பார்க்க வந்திருந்தாள்.

"எங்க கொழுந்தன் பேரு இருக்கு, நாங்க இல்ல. ஒங்க மிசினு எங்கள வெளிய தள்ளிக் கதவச் சாத்திருச்சுங்களா?"

"எந்தக் காம்பிரா அம்மா?"

"பதினாலாம் லயம், மூணாம் காம்பிரா."

"இதில இருக்கிறதும் அதே காம்பிராதானே."

"ஆமாங்க. ஒரே காம்பிராதான். நடுவுல பலக அடிச்சிருக்கு. அங்கிட்டு அவங்க அடுப்பு, இங்கிட்டு எங்க அடுப்பு. அடுப்பு ரெண்டுன்னா குடும்பம் ரெண்டு. இதுகூடத் தெரியாமயா சார் பேரு எழுத வந்தீங்க?"

பஸ்மிலா சிரிப்பை அடக்கினாள். குகநேசனுக்குச் சிரிப்பு வரவில்லை. குடும்பம் என்ற கிளாஸில் நம்பர் என்று முடிவது, லயத்தையும் சேர்த்து எழுதும் காம்பிரா நம்பர் ஒன்றுதான். அதுவே சாவியாகிவிட்டது. கொழுந்தனின் படிவத்தை ஏற்றியபோது மீனம்மாவின் வரி அவனுடையதாகத் திருத்தப்பட்டிருந்தது. மிசின் பிழை சொல்லவில்லை. சொன்னபடி செய்திருக்கிறது.

"என்ர பிழை" என்றான். "உங்களை அழிச்சது நான்தான்."

விதியை மாற்றி அடையாள அட்டையைச் சாவியாக்க ஒரு வரி போதுமாயிருந்தது. அழிந்த நாற்பத்தொரு பேரை எங்கே போய்த் தேடுவது?

"கொழுந்து நிறுக்கிற எடத்துக்கு வாங்க. நாலு மணிக்கு எல்லாரும் அங்கதான் வருவாங்க" என்றாள் மீனம்மா.

போனார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. தராசுக்கு முன்னால் சாக்குகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். மீனம்மா ஒரு கல்லின்மேல் ஏறினாள்.

"ரெண்டு அடுப்பு எரியுற காம்பிராக்காரவுங்க எல்லாம் இங்கிட்டு வாங்க. அடையாள அட்டையும் வேணும்."

"என்னாடி, கல்யாணத்துக்குச் சொல்றியா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வீடு வேணாம்னா நீ அங்கயே நில்லு."

அதற்குமேல் யாரும் நிற்கவில்லை. சிலர் லயத்துக்கு ஓடி அட்டையை எடுத்துவந்தார்கள். குகநேசன் ஒவ்வொன்றாகப் பட்டியலோடு பார்த்தான். இல்லாதவர்களை பஸ்மிலா கொப்பியில் எழுதினாள். முப்பது வந்தது, பிறகு முப்பத்தெட்டு, நாற்பது. அவன் நாற்பதையும் திரும்பத் திரும்ப எண்ணினான்.

"இன்னும் ஒண்டு எங்க?"

"மூக்கன் குடும்பமா இருக்கும்" என்றாள் மீனம்மா. "கினிகத்தேனைக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க. பலகைக்கு அங்கிட்டு அவங்க அண்ணன் இருக்காரு."

அண்ணனுக்குத் தம்பியின் அட்டை நம்பர் தெரியவில்லை. தம்பியிடம் போனும் இல்லை. நம்பர் இல்லாத பெயரைக் கொழும்பில் எடுக்கமாட்டார்கள். குகநேசன் லயத்துக்குப் போய் மூக்கனின் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு, நாற்பதை ஏற்றப் போனான்.

மறுநாள் காலை எட்டரைக்கு வண்டி வந்தது. பட்டியலில் இருநூற்றுப் பதினொரு குடும்பங்கள் இருந்தன. மீனம்மாவின் குடும்பம் நூற்று ஆறாவது. மூக்கனின் குடும்பம் இல்லை.