துப்பாக்கிச் சத்தம் சேர்க்காத நாடா

மதியத்துக்கு மேல் இருந்த நேரத்தை இயக்குநர் மழைக்கென்று ஒதுக்கி வைத்திருந்தார். படத்தின் கடைசிக் காட்சியில் கொட்டும் மழை. எண்ணெயில் எதையோ பொரிப்பது போல அது கேட்கிறதே என்று முதல் முறை படம் வெளிவந்த நாளிலிருந்தே அவருக்கு உறுத்தல். இப்போது படத்தைப் புதுப்பித்து மறுபடியும் தியேட்டர்களுக்கு அனுப்புகிறார்கள். சாயங்காலம் தயாரிப்பாளரின் ஆள் வந்து ஒலியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். விட்டால் இனி சரிசெய்ய முடியாது.

அவர் எடுத்த முதல் படம் அது. ரவுடிகளின் கதை. அதற்கு விருதுகள் வந்தன, கட்டுரைகள் வந்தன. அப்புறம் ஒரு நர்ஸைப் பற்றி எடுத்தார், இரண்டு அக்கா தங்கைகளைப் பற்றி எடுத்தார். பார்த்தவர்கள் "ரத்தம் எங்கே சார்?" என்றுதான் கேட்டார்கள். இந்தச் சில வாரங்களாகத் தன் கையால் சாகடித்தவர்களைத் திரும்பத் திரும்பச் சாகடித்து, இன்னும் துல்லியமாகச் சாகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்ததில் அவருக்கு எலும்பு வரை அலுத்திருந்தது.

அந்த நேரத்தில்தான் டிரைவரின் மனைவி வந்தார்.

டிரைவர் அந்தப் படத்தின் யூனிட் வேனை ஓட்டியவர். நடிகருக்குக் கொடுக்கப் பணம் இல்லாமல், ரவுடிக் கும்பலின் காரோட்டியாக அவரையே உட்கார வைத்தார் இயக்குநர். படத்தில் அவரைச் சுட்டுவிடுவார்கள். நிஜத்தில் அதற்குச் சில வருடங்கள் கழித்துக் காய்ச்சலில் போனார்.

"வாங்க அண்ணி" என்று இயக்குநர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "படம் பார்க்க வந்தீங்களா?"

"இல்ல தம்பி. அவர் குரலைக் கேக்கணும்."

இயக்குநர் ஒலிப்பதிவாளரைப் பார்த்தார். ஹெட்போனை மாட்டினால் கட்டடம் இடிந்தாலும் திரும்பமாட்டார் என்பதால் அவருக்குச் 'செவிடு' என்று பெயர். இப்போது ஹெட்போன் கழுத்தில் கிடந்தது. அவர் தலை குனிந்துகொண்டார். படத்தில் இருப்பது டிரைவரின் குரல் இல்லை. மெல்லிய குரல், ரவுடிக்கு எடுபடாது என்று டப்பிங்கில் வேறொருவரைப் பேச வைத்திருந்தார்கள்.

"அண்ணி, படத்துல..."

"அது தெரியும். 'என் வாயில எவனோ பேசுறான்டி'ன்னு அன்னைக்கே சொல்லிச் சிரிச்சார்." அவர் புடவைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்தார். "முகத்துக்கு போட்டோ இருக்கு. குரல்தான் மறந்துகிட்டே வருது. சாமி கும்பிடும்போது ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன், பக்கத்து வீட்டுக்காரர் குரல் வருது. நீங்க எடுக்கும்போது மைக் வெச்சீங்களே, அதுல எதாவது இருக்குமான்னு..."

ஷூட்டிங்கில் எடுக்கும் ஒலி டப்பிங் பேசுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான். பேசி முடித்ததும் அதை யாரும் தேடுவதில்லை. அந்த நாடாக்கள் மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன, நாளைக்குக் குப்பைக்குப் போக.

"சார், லேபிள் எல்லாம் வெளுத்துப்போச்சு. ஒவ்வொண்ணாப் போட்டுத்தான் பார்க்கணும்" என்றார் செவிடு தணிந்த குரலில். "மழையை எப்போ பண்றது?"

இயக்குநர் பெட்டிகளைப் பார்த்தார். பிறகு, நாற்காலியின் நுனியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

"பெட்டியை இழுய்யா."

தூசியில் இயக்குநர் தும்மிக்கொண்டே இருந்தார். "டைரக்டர் தும்முறது தனி டிராக்குல வரணும் சார்" என்றார் செவிடு. ஒரு நாடாவில் யாரோ டீ கேட்டார்கள். ஒன்றில் வெறும் காற்று. ஒன்று ஒட்டிக்கொண்டு நடுவில் அறுந்தது. தயாரிப்பாளரின் ஆள் வந்தார், இருந்ததை வாங்கிக்கொண்டு போனார். மழை பொரிந்தபடியே போயிற்று.

அதற்குப் பிறகுதான் கிடைத்தது.

"இது ஒரு தடவை ஓடும் சார். அடுத்த தடவைக்கு நான் பொறுப்பில்ல" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் பதியவிட்டு, சக்கரத்தை விரலால் தாங்கியபடி ஓட்டினார் செவிடு.

கேமரா ஓடும் இரைச்சல். இளம் குரல் ஒன்று: "அண்ணே, கண்ணாடியைப் பார்த்துப் பேசுங்க."

"கண்ணாடியைப் பார்த்தா பின்னாடி வர்ற லாரிதான் தெரியுது தம்பி."

நாற்காலியில் இருந்தவரின் கை பையின் மேல் அப்படியே நின்றது.

நாடாவில் எழுந்த சிரிப்பு அடங்கியது. பிறகு ஊரே சொல்லித் திரிந்த அந்த வசனம்: "வண்டிதான் என்னோடது. பாவம் உங்களோடது." படத்தில் அது உறுமலாக இருக்கும். இங்கே அது இடம் தெரியாமல் வந்துவிட்டவர் மன்னிப்புக் கேட்பது போல இருந்தது. இயக்குநர் கண்ணை மூடிக்கொண்டார். துப்பாக்கிச் சத்தம் பிற்பாடு சேர்ப்பது. அதனால் அந்த இளம் குரலே வாயால் "டுமீல்" என்றது. தொப்பென்று ஒரு சத்தம். "கட்."

நாடாவில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

"செத்துட்டேனா தம்பி? எந்திரிக்கலாமா?"

"எந்திரிங்கண்ணே."

"சட்டையெல்லாம் சிவப்பு. வீட்டுல பார்த்தா பயந்துருவா. அலசிட்டுத்தான் போகணும்."

நாடா ஓடி முடிந்தது. அதன் பழுப்புத் தூள் இயந்திரத்தின் மேல் படிந்திருந்தது.

"ஈரச் சட்டையோட வந்தார்" என்றார் டிரைவரின் மனைவி. "கேட்டதுக்கு வண்டி கழுவினேன்னார். நானும் திட்டினேன்."

செவிடு தொண்டையைச் செருமினார். "சார், குரல் நல்லா விழுந்திருக்கு. தயாரிப்பாளர்கிட்ட கெஞ்சி ரெண்டு நாள் கேட்டா, படத்துல அண்ணன் குரலையே போட்டுடலாம்."

இயக்குநருக்கும் அதே எண்ணம்தான். ஆனால் டிரைவரின் மனைவி தலையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம் தம்பி. அங்க சுட்டுடுவாங்க. இதுல எந்திரிச்சுடுறாரே."

ஒலிப்பதிவாளர் ஒரு பிரதி எடுத்து, கைபேசியில் எப்படிக் கேட்பது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். இயக்குநர் வாசல் வரை உடன் வந்தார். படிகளில் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசிப் படியில் அண்ணி நின்றார். "எந்திரிங்கண்ணேன்னு சொன்ன பையன் யாரு தம்பி?"

"நான்தான் அண்ணி."

"நீங்களா?" அவர் இயக்குநரின் முகத்தை நிமிர்ந்து பார்த்தார், அங்கே அந்தப் பையனைத் தேடுவது போல. "நல்லா இருப்பீங்க."

இந்தப் படத்துக்காக எத்தனையோ பேர் இயக்குநரை வாழ்த்தியிருக்கிறார்கள். ஒருவரைச் சுட்டதற்காகத்தான் எல்லாரும் வாழ்த்தினார்கள். ஒருவரை எழுந்திருக்கச் சொன்னதற்காக இதுவரை யாரும் வாழ்த்தியதில்லை.

"சாப்பிட்டீங்களா அண்ணி?" என்று கேட்டார்.

"இல்ல."

"நானும்தான். வாங்க."